ஓட்டியவர் பெயர்

வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியை அருள்பாண்டி முதலில் ஏதோ கடன் விளம்பரம் என்றுதான் நினைத்தான். காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் தலையைச் சாய்த்த நேரம். கண்ணை மூடப்போனவன் யூரோ என்ற சொல்லைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தான். ஜெர்மனியில் அவன் ஒருநாள் கார் எடுத்த வாடகைக் கம்பெனியின் பெயர் அதில் இருந்தது. அவனுடைய கிரெடிட் கார்டிலிருந்து பணம் எடுத்திருந்தார்கள். ரூபாய்க் கணக்கில் அது அவனுடைய இரண்டரை மாதச் சம்பளம்.

பக்கத்தில் இருந்த ஜோயல் எட்டிப் பார்த்தான். "இன்னா அருளு, போனை அப்டி மொறச்சிக்கினு கீற?"

அருள்பாண்டி போனை அவன் பக்கம் திருப்பினான்.

"அந்த ஏரிக்குப் போன வண்டியா? அதான் சாவிய பெட்டில போட்டுட்டு வந்துட்டமே."

"டேமேஜ் சார்ஜுன்னு போட்டிருக்கான்."

ஜோயல் அதற்கு மேல் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. தூணில் உரசிய அந்தச் சத்தத்தைப் பின் சீட்டில் இருந்து அவனும் கேட்டவன்தான்.

அருள்பாண்டிக்குத் திசையன்விளைப் பக்கம். டிப்ளமோ முடித்த கையோடு ஒப்பந்தத் தொழிலாளியாக ஒரகடத்துக்கு வந்தவன். காருக்கு வேண்டிய பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கிற தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிற வேலை. வருஷக்கணக்காக ஒப்பந்தத்திலேயே கிடந்தவனைக் கைதூக்கிவிட்டு நிரந்தரமாக்கியவர் அந்தப் பிரிவின் தலைவர் சுப்பராயன். மேலிடத்தில் மூன்று முறை சண்டை போட்டுத்தான் அதை வாங்கித் தந்தார் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் அவர் நில் என்றால் நிற்பான், போ என்றால் போவான். அவரும் வேலை வாங்குகிற மனிதரே ஒழிய, யாரையும் நோகப் பேசுகிறவர் அல்ல.

தொழிற்சாலைக்குப் புது மெஷின்கள் வாங்கியபோது, அவற்றைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொள்ள சுப்பராயன், அருள்பாண்டி, ஜோயல் மூவரையும் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ரயிலில் போய்ப் பார்ப்பதாக இருந்த ஏரியைப் பார்க்காமல் ஊர் திரும்புவதா என்று சுப்பராயனுக்கு மனசு கேட்கவில்லை. கார் எடுக்கலாம் என்றார்.

வாடகைக் கம்பெனியின் கவுண்டரில் அவருடைய கார்டு செல்லவில்லை. அது ஆபீசில் பணம் நிரப்பிக் கொடுத்த பயணக் கார்டு. முன்பணத்தை நிறுத்தி வைக்க ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும் என்றாள் அங்கிருந்த பெண். அருள்பாண்டியிடம் ஒன்று இருந்தது. தொழிற்சாலை கேட்டில் குடை போட்டு உட்கார்ந்து வங்கிக்காரர்கள் தலையில் கட்டிவிட்டுப் போனது. வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பெர்மிட்டும் அவனிடம் மட்டுமே இருந்தது. வெளிநாடு போகிறோமே, ஆசைக்கு ஒன்று இருக்கட்டும் என்று கிளம்புமுன் ஆர்டிஓ ஆபீசில் போய் எடுத்துவைத்திருந்தான்.

அந்தப் பெண் பொறுமையாகத்தான் விளக்கினாள். வண்டிக்கு இன்சூரன்ஸ் உண்டு. ஆனால் சேதமானால் முதலில் ஒரு தொகை வரைக்கும் வாடகைக்கு எடுத்தவர்தான் கொடுக்க வேண்டும், அதற்கு மேலே போனால்தான் இன்சூரன்ஸ். அந்த முதல் தொகைக்கு எக்ஸஸ் என்று பெயர். அதுவும் வேண்டாம் என்றால் இங்கேயே முழுப் பாதுகாப்பு எடுத்துக்கொள்ளலாம். பிறகு கேட்டாள்: வேறு யாராவது ஓட்டுவார்களா? அவர் பெயரையும் சேர்க்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம்.

"எல்லாம் காசு புடுங்கற வேலைப்பா," என்றார் சுப்பராயன் தமிழில். "ஒரு நாளைக்கு எதுக்கு இவ்வளவு? நீதானே ஓட்டப்போற. ஒன்னும் வேணாம்னு சொல்லு."

அவன் வேண்டாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். போனில் வண்டியைப் பதிவு செய்தபோதே ஒரு சின்னத் தொகைக்கு எக்ஸஸ் பாதுகாப்பு என்று கேட்ட கட்டத்தைத் தொட்டிருந்தான். வேறு ஏதோ கம்பெனியின் பாலிசி அது. நாம் முதலில் கட்டிவிட்டால் அவர்கள் பிற்பாடு நமக்குத் திருப்பித் தருவார்கள். அது இருக்கிறதே என்ற தைரியம்.

சாலையின் வலது பக்கம் ஓட்டுவது அவனுக்குப் பிடிபடவில்லை. ரவுண்டானாவில் தயங்கி நின்றான். பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஏரிக்குப் பாதி தூரம் போவதற்குள் சுப்பராயன் பொறுமை இழந்துவிட்டார். "ஓரமா நிறுத்து. துபாய்ல ரெண்டு வருஷம் ஓட்டினவன் நான்." அவர் நன்றாகவே ஓட்டினார். பழைய பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே ஓட்டினார். ஏரிக்கரை ஊரின் பல அடுக்கு வண்டி நிறுத்தத்தில் மேலே ஏறித் திரும்பும்போதுதான் தூண் வந்தது. ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கிற வண்டி. அதனால் தூண் அருள்பாண்டி உட்கார்ந்திருந்த பக்கத்தில் வந்தது. வருவது அவனுக்குத் தெரிந்தது. "சார்" என்றான். அவருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பதா என்று ஒரு கூச்சம். அதற்குள் முன் கதவிலிருந்து பின் சக்கரம் வரைக்கும் கரகரவென்று இழுத்துவிட்டது.

சுப்பராயன் இறங்கி வந்து குனிந்து பார்த்தார். ஈரக் காகிதத்தால் தேய்த்தார். தூணிலிருந்து ஒட்டிய சுண்ணாம்பு கொஞ்சம் போயிற்று. கோடு போகவில்லை. "சின்னக் கீறல். பாலிஷ்ல போயிடும்," என்றார்.

மாலையில் திரும்பியபோது ஆபீஸ் பூட்டியிருந்தது. சாவியைச் சுவரிலிருந்த பெட்டிக்குள் போடும்படி எழுதியிருந்தது. நாளைக்கு வந்து சொல்லிவிடுவோமா என்று அருள்பாண்டி கேட்டான். "நாமளா போய் எதுக்கு வம்பை விலைக்கு வாங்கணும்? பாத்தா பாக்கட்டும்," என்றார் அவர். சாவியைப் போட்டான். அது உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. அவ்வளவுதான் நடந்தது.

அன்று கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும் மனைவி மாரிசெல்வியிடம் சொன்னான். வல்லக்கோட்டையில் ஒரு மாடிப் போர்ஷனில் அவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். அவள் ஸ்ரீபெரும்புதூரில் போன் பாகங்கள் பூட்டுகிற கம்பெனியில் லைனில் நிற்கிறவள். நாள் முழுக்க நின்ற காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தவள் முழுவதையும் கேட்டாள்.

"ஓட்டுனது உங்க சாரு, அவியதான?"

"ஆமா."

"அப்பம் அவியகிட்ட சொல்லுங்க. இதுல என்ன யோசனை?"

அவன் வாடகைக் கம்பெனிக்குத்தான் முதலில் போன் செய்தான். நீண்ட நேரம் இசை வந்தது. பிறகு ஒரு பெண் வேகமாகப் பேசினாள், மின்னஞ்சல் அனுப்பு என்றாள். அனுப்பினான். உங்கள் கடிதம் கிடைத்தது என்று இயந்திரம் பதில் போட்டது. சில நாள் கழித்துப் படங்கள் வந்தன. கதவு, சக்கரம், பெயின்ட் கூலி, வண்டி ஓடாமல் நின்ற நாட்களின் நஷ்டம், எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு. கீழே அவன் போட்ட கையெழுத்தின் நகல். வங்கியில் கேட்டதற்கு, ஒப்பந்தத்தில் நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், நாங்கள் தடுக்க முடியாது சார் என்றார்கள்.

பிறகுதான் சுப்பராயனின் அறைக்குப் போனான். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"அநியாயம்ப்பா இது. ஒரு கோட்டுக்கு இவ்வளவா?" என்றார். "நான் உன்ன விட்டுட மாட்டேன் அருள். ஆனா நீ ஏதோ இன்சூரன்ஸ் போட்டதா சொன்னியே?"

"போட்டிருக்கேன் சார். ஆனா அக்ரிமென்ட்ல பேர் இருக்கிறவங்க ஓட்டியிருந்தாத்தான் தருவாங்களாம்."

சுப்பராயன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அப்போ நீ ஓட்டினதா எழுதிடு. யாருக்கு என்ன நஷ்டம்? பணம் வந்துட்டா விஷயம் முடிஞ்சுது. வரலன்னா நாம பேசிக்கலாம்."

அவர் சொன்ன விதத்தில் தவறாக எதுவும் தெரியவில்லை. வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு லைனுக்குத் திரும்பினான்.

மாரிசெல்விக்கு இது பிடிக்கவே இல்லை. "நீங்க ஓட்டலைல்லா? பெறவு எதுக்கு ஓட்டினேன்னு எழுதுதீங்க?"

"அவரு பேரை எழுதினா ஒத்த பைசா வராது செல்வி. என் பேரை எழுதினாலாவது வர வழி இருக்கு."

"வந்தா சரி. வராமப் போச்சுன்னா?"

அவன் போனிலேயே இன்சூரன்ஸ் க்ளெய்ம் படிவத்தைத் திறந்தான். ஓட்டியவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினான். விபத்து எப்படி நடந்தது என்று படம் வரையச் சொல்லியிருந்தார்கள். மாரிசெல்வியின் கம்பெனி டைரியில் ஒரு தாளைக் கிழித்து, ஏறுகிற பாதையை வரைந்தான், தூணை வரைந்தான், வண்டியை வரைந்தான். சில நாளில் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் போனில் கூப்பிட்டு இங்கிலீஷில் விசாரித்தார். என்ன வேகம்? தூணை எப்போது பார்த்தீர்கள்? ஏன் நிறுத்த முடியவில்லை? அருள்பாண்டி பஸ் நிறுத்தத்தில் நின்று ஒரு காதைப் பொத்திக்கொண்டு பதில் சொன்னான். நான் திருப்பினேன், நான் கவனிக்கவில்லை, என் தவறு. பேச்சைப் பதிவு செய்துகொண்டதாகச் சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் தொழிற்சாலையில் புதிய பேச்சு வந்தது. மெஷின் செய்கிற ஜெர்மன் கம்பெனியிலேயே ஆறு மாதம் தங்கி வேலை பார்க்க ஓர் ஆள் வேண்டும், குடும்பத்தையும் கூட்டிப் போகலாம். அருள்பாண்டியின் பெயர்தான் முதலில் இருந்தது. சுப்பராயனே எழுதிக் கொடுத்தது. மாரிசெல்வி அதற்காகவே பாஸ்போர்ட் எடுத்திருந்தாள். போலீஸ் விசாரணைக்கு ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டபோது ஒரு நாள் லீவு போட்டு, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி புடவை கட்டிக்கொண்டு போனாள். தாம்பரம் போய் இரண்டு பேருக்கும் ஸ்வெட்டர் வாங்கி வந்தாள். அங்கே வேலைக்குப் போக முடியாதாமே, அப்போ ஆறு மாசம் உட்கார்ந்தே இருக்கலாம் என்று சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஒரு ஷிப்ட், அவனுக்கு ஒரு ஷிப்ட். சேர்ந்தாற்போல ஒரு வாரம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டது கிடையாது.

ஒரு மத்தியானம் மனிதவளப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். மேலாளர் மதிவதனி கறாரானவள், ஆனால் மரியாதையானவள். அருள்பாண்டியை உட்காரச் சொன்னாள். சுப்பராயன் ஏற்கனவே அங்கே உட்கார்ந்திருந்தார்.

"ஜெர்மனியில வாடகை வண்டி எடுத்தப்ப, அந்த மெஷின் கம்பெனி அட்ரஸ்தான் குடுத்தீங்களா?" என்று கேட்டாள் அவள். "வண்டிக்காரங்க அங்க லெட்டர் போட்டிருக்காங்க. அவங்க எங்களுக்கு அனுப்பிட்டாங்க. ட்ரெயினிங் வந்த இடத்துல ஆக்சிடென்ட், ஆபீஸ்ல சொல்லவே இல்ல. அவங்க முன்னாடி நமக்குக் கொஞ்சம் சங்கடமா போச்சு. அன்னைக்கு வண்டி ஓட்டினது யாரு?"

அருள்பாண்டி சுப்பராயனைப் பார்த்தான். அவர் போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தார். படிக்கிறவர் விரல் நகரும், அவர் விரல் நகரவில்லை. இப்போது உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அருள்பாண்டிக்கு மனசு ஓடியது. க்ளெய்மில் தன் கைப்பட எழுதியாயிற்று. போனில் பேசியாயிற்று, அதைப் பதிவு செய்துகொண்டதாகவும் சொன்னார்கள். இங்கே ஒன்று, அங்கே ஒன்று சொன்னால் பொய்யன் யார் என்று கேட்பார்கள். சார் சொல்லட்டுமே, சார் வாயைத் திறந்தால் போதுமே என்று ஒரு நொடி காத்திருந்தான்.

"நான்தான் மேடம்," என்றான்.

மதிவதனி எழுதிக்கொண்டாள். "உங்க வேலையப் பத்தி யாரும் தப்பா சொல்லல. ஆனா அங்க தினமும் வண்டி ஓட்டிட்டுப் போற வேலை. இந்தத் தடவை வேற ஆளை அனுப்பறோம். தப்பா எடுத்துக்காதீங்க."

"அருள் நல்ல பையன் மேடம்," என்றார் சுப்பராயன். அவர் அந்த அறையில் பேசியது அது ஒன்றுதான்.

போகிறவன் ஜோயல் என்று மறுநாள் தெரிந்தது. ஜோயல் அவனைத் தேடி லைனுக்கே வந்தான். மெஷின் சத்தத்தில் காதருகே குனிந்து பேசினான்.

"சத்தியமா நான் கேக்கல அருளு. அவங்களா கூப்ட்டு சொல்றாங்க. நான் போய் உண்மைய சொல்லிட்டா? நானும் வண்டில இருந்தேன்ல."

"என்னன்னு சொல்லுவ?"

"சார்தான் ஓட்னாருன்னு."

"சொன்னா, நான் பொய் க்ளெய்ம் போட்டேன்னு ஆகும். சாருக்கு ஒன்னும் ஆகாது. எனக்கு வேலையே போயிரும்."

ஜோயல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "அப்ப நான் இன்னாதான்டா பண்றது?"

"நீ போயிட்டு வா," என்றான் அருள்பாண்டி. அதை அவன் மனசாரத்தான் சொன்னான். ஆனால் அதற்குப் பிறகு பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவில்லை. ஜோயல் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

ஜோயல் விமானம் ஏறிய வாரம் இன்சூரன்ஸ்காரர்களின் பதில் வந்தது. யார் ஓட்டினார்கள் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. சேதத்தை வண்டி நிறுத்தத்திலும் புகார் செய்யவில்லை, சாவியைக் கொடுக்கும்போதும் தெரிவிக்கவில்லை, எனவே பாலிசி விதிப்படி எதுவும் தருவதற்கில்லை. வருந்துகிறோம். அருள்பாண்டி அதைப் பலமுறை படித்தான். உண்மையையே எழுதியிருந்தாலும் பணம் வந்திருக்காது. பொய்யை எழுதியும் வரவில்லை. ஆனால் எழுதிய பொய் மட்டும் தன் பெயரில் அங்கேயே நின்றுவிட்டது.

சுப்பராயனிடம் சொன்னபோது, "அடப்பாவிங்களா," என்றார். பார்ப்போம் என்றார். ஆடிட் முடியட்டும் என்றார். பிறகு அறைக்குப் போகும்போதெல்லாம் யாராவது உடன் இருந்தார்கள்.

மாரிசெல்வி ஸ்வெட்டர்களைப் பையோடு பரண்மேல் தூக்கிப் போட்டாள். ஒரு கிருத்திகை அன்று, "கோயிலுக்குப் போவோம்," என்று மட்டும் சொன்னாள். படப்பையில் வீடு கட்டியிருக்கும் சுப்பராயன் ஒவ்வொரு கிருத்திகைக்கும் வல்லக்கோட்டை முருகனுக்கு வருவார் என்பது அருள்பாண்டிக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும் என்பது கோபுரத்தைத் தாண்டி உள்ளே போனபோதுதான் புரிந்தது. தரிசனத்துக்கு அவள் வரிசையில் நிற்கவில்லை. வெளியே வருகிற வழியில் போய் நின்றாள்.

"வேண்டாம் செல்வி," என்றான்.

"நான் சண்டை போடலை. ஒத்த வார்த்தை கேக்கப் போறேன்."

சுப்பராயன் நெற்றி நிறைய விபூதியோடு மனைவியுடன் வந்தார். அவர்களைப் பார்த்து முகம் மலர்ந்தார். "நம்ம அருளோட வைஃப்," என்று மனைவிக்குச் சொன்னார்.

மாரிசெல்வி கும்பிட்டாள். குரல் தடுமாறவில்லை. "சார், அன்னைக்கு அந்த வண்டியை ஓட்டுனது நீங்கதான? அதை உங்க வாயால ஒருதரம் சொல்லுங்க. எனக்கு அது போதும்."

அருள்பாண்டிக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. கூடவே, அவள் கேட்டாளே என்று ஒரு நிம்மதியும் இருந்தது. சுப்பராயன் மறுக்கவில்லை. மனைவியை ஒரு தரம் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"ஆமாம்மா. நான்தான் ஓட்டினேன். தினமும் அதை நெனச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா இப்ப நான் ஆபீஸ்ல போய்ச் சொன்னேன்னு வை, மாட்டறது அருள்தான். க்ளெய்ம்ல கையெழுத்து அவனோடது. எனக்கு ரிட்டயர்மென்ட் பக்கத்துல இருக்கு, என்னை என்ன பண்ணுவாங்க? அவன் சின்ன வயசு. அவனுக்காகத்தான் நான் வாயத் திறக்கல."

மாரிசெல்வி எதிர்பார்த்து வந்தது வேறு. இல்லை என்பார், கோபப்படுவார், அப்போது கேட்கலாம் என்று நாலு கேள்வி வைத்திருந்தாள். அவர் ஆமாம் என்றதும் எல்லாம் தீர்ந்துபோயிற்று. அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கப் பார்த்தாள். அவர் சொன்னது நிஜம்தான் என்பதுதான் கொடுமை.

"எழுதச் சொன்னது நீங்கதான சார்," என்றாள் கடைசியில்.

"சொன்னேம்மா. நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னேன்." அவர் கண் கலங்கியிருந்தது. அது பொய்யில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "அருள், உன் நம்பருக்கு இப்பவே போடறேன். முழுசா இல்லப்பா, பையன் காலேஜ் ஃபீஸ் கட்டியிருக்கேன். முடிஞ்சதப் போடறேன்."

"துட்டு கேக்க வரலை சார்," என்றாள் மாரிசெல்வி.

அதற்குள் பணம் வந்துவிட்டதாக அருள்பாண்டியின் பையில் போன் ஒலித்தது. சுப்பராயனின் மனைவி மாரிசெல்வியின் கையைப் பிடித்து, குங்குமம் இருந்த பொட்டலத்தை வைத்து மூடிவிட்டு நகர்ந்தாள். இருவரும் கூட்டத்தில் போய்விட்டார்கள்.

பஸ் நிறுத்தத்தில் வெயில் சுட்டது. ஒரகடம் பக்கம் புதுக் கார்களை அடுக்கிய நீண்ட லாரி ஒன்று போயிற்று.

"எவ்வளவு போட்டிருக்காவ?"

அவன் பார்த்துச் சொன்னான். பாதிகூட இல்லை.

"திருப்பி அனுப்புங்க," என்றாள்.

அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கார்டுக்குக் கட்ட வேண்டிய கெடு அந்த வாரத்தில்தான். வட்டி ஏறுவதை அவளும் அறிவாள். அவன் விரல் திரையின் மேலேயே நின்றது, அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அவள் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போயிற்று. இன்னொன்றும் போயிற்று.

"வேண்டாம். இருக்கட்டும்," என்றாள் அவள், அவனைப் பார்க்காமல். "சாயங்காலம் ஷிப்டு இருக்கு. வாங்க, போவோம்."